நெகட்டிவ் குரூப் பொண்ணு வேண்டாமா? கொஞ்சம் உட்காருங்க, பேசலாம்

பத்துக்கு எட்டுப் பொருத்தம். பெண்ணின் படிப்பு பிடித்திருக்கிறது, வேலை பிடித்திருக்கிறது, பூ வைக்கத் தேதிகூடப் பார்த்தாச்சு. அப்போது யாரோ பிளட் குரூப் கேட்கிறார்கள். "பி நெகட்டிவ்" என்று பதில் வருகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மாமா செருமிக்கொண்டே சொல்கிறார்: "நெகட்டிவ்னா குழந்தை தங்காதுங்க."

சம்பந்தம் அதோடு முடிஞ்சுது.

இந்த மாதத்தில் மட்டும் இதே கதையோடு மூன்று பெண்கள் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவர், "குரூப்பை மாத்த ஏதாவது ட்ரீட்மென்ட் இருக்கா டாக்டர்?" என்று கேட்கிறார். படித்து, வேலை பார்த்து, சொந்தக்காலில் நிற்கும் ஒரு பெண்ணை இப்படிக் கேட்க வைத்தவர்கள்மேல் எனக்கு வந்த கோபம்தான் இந்த இழை. நீளமாகப் போகும். பொறுமையா படிங்க.

முதலில் அந்த மாமாவுக்கு.

நீங்கள் கேள்விப்பட்டது முழுப்பொய் இல்லை சார். உங்கள் பாட்டி காலத்தில் அப்படி நடந்தது. முதல் குழந்தை நல்லபடியாகப் பிறக்கும். இரண்டாவது பிறந்த அன்றே மஞ்சள் பூத்து, ஒரு வாரத்தில் போய்விடும். மூன்றாவது வயிற்றுக்குள்ளேயே உடம்பெல்லாம் நீர் கோத்து, இறந்து பிறக்கும். ஊரில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டம் கட்டி, விசேஷ வீட்டில் ஆரத்தித் தட்டைத் தொடவிட மாட்டார்கள். காரணம் என்னவென்று அப்போது மருத்துவர்களுக்கே தெரியாது.

ஆனால் 1968-இல் இதற்குத் தடுப்பு ஊசி விற்பனைக்கு வந்துவிட்டது. நீங்கள் வைத்திருக்கும் தகவல் காலாவதியாகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இது புரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ரத்தத்தில் ஏ, பி, ஓ பார்ப்பது ஒரு கணக்கு. சிவப்பணுவின் மேல் 'டி' என்ற ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு கணக்கு. இருந்தால் ஆர்ஹெச் பாசிட்டிவ், இல்லாவிட்டால் ஆர்ஹெச் நெகட்டிவ். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு நோயும் இல்லை, ரத்தத்தில் கோளாறும் இல்லை. நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர் இப்படித்தான். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்குப் பதினைந்து பேர். (நெகட்டிவ் பெண்ணைக் கட்டினால் வம்சம் தழைக்காது என்பது உண்மையானால் ஐரோப்பா எப்போதோ காலியாகியிருக்கணும்.)

அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் வயிற்றிலுள்ள குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். கர்ப்பத்தில் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒன்றாகக் கலந்து ஓடுவதில்லை, நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. ஆனால் பிரசவத்தில் கொடி பிரியும்போது குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்துக்குள் கசிகிறது. பெரும்பாலும் சில சொட்டுகள்தான். அந்தச் சொட்டுகள் போதும்.

தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த டி புரதத்தை இதற்கு முன் பார்த்ததே இல்லை. கிருமிக்கு எதிராக என்ன செய்யுமோ அதையே செய்கிறது. ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது.

இதில் இரண்டு வகையை மட்டும் நினைவில் வையுங்கள். முதலில் வருவது ஐஜிஎம். ஐந்து துண்டுகள் சேர்ந்த பெரிய புரதம், நஞ்சுக்கொடியைத் தாண்டாது. பிறகு வருவது ஐஜிஜி. சின்னது, தாண்டும். முதல் பிரசவத்தில் இதெல்லாம் தயாராவதற்குள் குழந்தை பிறந்து தொட்டிலுக்கு வந்துவிடும். அதனால்தான் முதல் குழந்தை தப்பிக்கிறது. தாயின் உடலில் நினைவணுக்கள் மட்டும் தங்கிவிடுகின்றன. வருஷக்கணக்கில் தங்கும்.

அடுத்த கர்ப்பத்தில் குழந்தை மறுபடி பாசிட்டிவ் என்றால், துளி ரத்தம் பட்டாலும் போதும். இந்தத் தடவை தாமதமே கிடையாது, நேராக ஐஜிஜி கிளம்பிவிடும்.

நஞ்சுக்கொடி அதைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். தடுக்காது. தூக்கிக்கொண்டு போய் விடும்! நஞ்சுக்கொடியில் ஐஜிஜியைப் பிடித்து, குழந்தையின் பக்கம் கொண்டு சேர்ப்பதற்கென்றே ஒரு ஏற்பி இருக்கிறது. அதுவும் ஒரு புரதம்தான். கர்ப்பத்தின் நான்காம் மாதவாக்கில் தொடங்கும் இந்தப் போக்குவரத்து, கடைசி மாதங்களில் உச்சத்துக்குப் போகும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி அளவு பெரும்பாலும் தாயைவிட அதிகமாகவே இருக்கும்.

எதற்கு இந்த ஏற்பாடு? பிறந்த குழந்தைக்குச் சொந்தமாக ஆன்டிபாடி செய்யச் சரியாக வராது. அதனால் முதல் சில மாதங்களுக்குத் தாய் கட்டிக்கொடுத்து அனுப்பும் கட்டுச்சோறு இது. கர்ப்பிணிகளுக்கு டிடி ஊசி போடுவதே இதற்குத்தான். ஊசி தாய்க்கு, அதில் உருவாகும் ஐஜிஜி குழந்தைக்கு. பச்சிளம் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன ரணஜன்னி இன்று நம் ஊரில் அரிதாகிப் போனதில் இந்தக் கட்டுச்சோற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

(ஒரு இடைச்செருகல். கர்ப்பிணிகளுக்கு "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று பவுடர் விற்கிறவர்களே, தாயின் எதிர்ப்புச் சக்தியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடுவது நல்லது என்று உங்களுக்கு யார் சொன்னது? அது எதை எதிர்க்கிறது என்பதுதான் கேள்வி. இந்த இழையில் குழந்தையைக் கொல்வதே நன்றாக வேலை செய்கிற எதிர்ப்புச் சக்திதான்.)

ஆமாம். ரணஜன்னிக்கு எதிரான ஐஜிஜி போகும் அதே வாசல் வழியாகத்தான் டி புரதத்துக்கு எதிரான ஐஜிஜியும் போகிறது. வாசலுக்கு நல்லது கெட்டது தெரியாது.

உள்ளே போனது குழந்தையின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அணுவை மண்ணீரல் பிடித்து அழிக்கும். குழந்தைக்கு ரத்தசோகை. ஈடுகட்ட ஈரலும் மண்ணீரலும் வீங்க வீங்க ரத்தம் தயாரிக்கும். முடியாத கட்டத்தில் இதயம் தளர்ந்து உடம்பு முழுக்க நீர் கோத்துவிடும். உங்கள் பாட்டி பார்த்த மூன்றாவது குழந்தை அதுதான்.

உயிரோடு பிறந்தால் அடுத்த ஆபத்து. அழிந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் பிலிருபினை வயிற்றில் இருக்கும்வரை தாயின் ஈரல் வெளியேற்றிக்கொண்டிருந்தது. கொடியை வெட்டியதும் அந்த வேலை குழந்தையின் தலையில் விழுகிறது. ஒரு நாள் குழந்தையின் ஈரலால் அது முடியாது. மஞ்சள் ஏறும். எல்லை தாண்டி ஏறினால் மூளையில் படியும். பிழைத்தாலும் காது கேட்காமல், கைகால் கட்டுப்பாடில்லாமல் வாழ்நாள் முழுக்க. "காலை வெயில்ல காட்டுங்க, சரியாயிடும்" என்கிற மஞ்சள் இது இல்லை.

இப்போது இன்னொரு கும்பலுக்கு வருகிறேன். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே குரூப், குழந்தை ஊனமாப் பிறக்குமா டாக்டர்?" வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பிறக்காது. ஓ பாசிட்டிவும் ஓ பாசிட்டிவும் கல்யாணம் பண்ணிக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது வரும் மரபணுப் பிரச்சனை வேறு, பிளட் குரூப் வேறு. ரெண்டையும் யாரோ ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய் பிடிபட்டதே ஒரே குரூப் தம்பதியால்தான். நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ரத்தப்போக்கு. அவரும் ஓ, கணவரும் ஓ. பொருந்தும் என்று கணவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். ஏற்றியதும் உடம்பு கடுமையாக எதிர்த்தது. ஏ, பி, ஓ கணக்கில் அடங்காத ஏதோ ஒன்று கணவரின் ரத்தத்தில் இருக்கிறது, அதே ஒன்று இறந்த குழந்தையிடமும் இருந்திருக்க வேண்டும், தாயின் உடம்பு அதற்கு எதிராகத் தயாராகிவிட்டிருக்கிறது என்று லெவினும் ஸ்டெட்சனும் 1939-இல் எழுதினார்கள். அடுத்த வருஷமே லேண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்து ஆர்ஹெச் என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள்.

இன்னும் சொல்லப்போனால், ஏ, பி, ஓ பொருந்தாமல் இருப்பது இந்த விஷயத்தில் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. தாய் ஓ நெகட்டிவ், குழந்தை ஏ பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிந்து வரும் ஏ அணுக்களைத் தாயின் ரத்தத்தில் குழந்தைப் பருவத்திலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் உடனே அடித்து நொறுக்கிவிடும். டி புரதத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய அவகாசமே கிடைக்காது. தடுப்பு ஊசி இல்லாத காலத்தில் ஏ, பி, ஓ பொருந்திய குழந்தையைப் பெற்ற நெகட்டிவ் தாய்மார்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு டி எதிர்ப்பு உருவாகும். பொருந்தாவிட்டால் இரண்டே பேருக்கு.

இதைக் கவனித்துத்தான் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஃபின், கிளார்க் குழுவினர் யோசித்தார்கள். இயற்கை செய்வதை நாமே செய்தால் என்ன? டி புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை வெளியிலிருந்து, பிரசவம் முடிந்ததும் தாய்க்கு ஊசியாகப் போட்டால், அவர் உடம்பு விழித்துக்கொள்வதற்கு முன் குழந்தையின் அணுக்களைத் துடைத்து எடுத்துவிடலாமே? அமெரிக்காவில் ஃப்ரெடா, கோர்மன், போலாக் மூவரும் தனியே இதே எண்ணத்தில் இருந்தார்கள். சிங் சிங் சிறைக் கைதிகளில் நெகட்டிவ் குரூப் ஆண்கள் முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போடணும் என்கிற இன்றைய விதிகூட அந்தச் சிறைக்குள் எப்போது மறுபடி போக அனுமதித்தார்கள் என்பதிலிருந்து வந்ததுதான்.

கொலை செய்யும் அதே புரதத்தைக் கொண்டே கொலையைத் தடுத்தார்கள். அதுதான் ஆன்ட்டி-டி ஊசி.

இந்தப் புரதம் மனித ரத்தத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர். பதினான்கு வயதில் மார்பு அறுவைச் சிகிச்சைக்கு ஊரார் கொடுத்த ரத்தத்தில் பிழைத்தவர். அவர் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி அபரிமிதமாக இருந்தது. பதினெட்டு வயதில் தொடங்கி, எண்பத்தொன்று வயதில் 2018-இல் சட்டப்படி நிறுத்தச் சொல்லும்வரை 1,173 தடவை தானம் கொடுத்தார். ஊசியைப் பார்க்கப் பிடிக்காமல் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அவருடைய தானத்தால் பயன்பெற்ற குழந்தைகள் சுமார் 24 லட்சம் என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் காலமானார். உங்களுக்குப் பெண் பார்க்கப் போகும்போது பிளட் குரூப் கேட்கத் தெரிகிறது, இவர் பெயர் தெரிகிறதா?

கணக்கைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் ஒரு ஊசி போட்டால் பதினாறு சதவீத ஆபத்து ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு இறங்கும். கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்தில் இன்னொன்றும் போட்டால் அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இதற்கு மேல் ஒரு மருந்திடம் என்ன கேட்க முடியும்?

பிறகும் ஏன் இந்தக் குழந்தைகள் வருகிறார்கள்?

நான் குழந்தைகள் மருத்துவர். பிரசவ வார்டில் தவறியது எங்கள் வார்டுக்குத்தான் வந்து சேரும். ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிறந்து பதினெட்டு மணி நேரம். உள்ளங்கால்வரை மஞ்சள். தாய் ஓ நெகட்டிவ், குழந்தை ஓ பாசிட்டிவ், கூம்ப்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ். அதாவது தாயின் ஆன்டிபாடி குழந்தையின் அணுக்களில் ஒட்டியிருக்கிறது. முதல் பிரசவம் என்று ஃபைலில் எழுதியிருந்தது. முதல் குழந்தைக்கு இவ்வளவு கடுமையாக வருவது வழக்கம் இல்லை. வெளியே மாமியார், "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லையே" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணை அறைக்குள் தனியாக அழைத்துக் கேட்டோம். செவிலியர் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கல்லூரிக் காலம். நாள் தள்ளிப்போய் மூன்று மாதத்துக்கும் மேல். தோழி ஒரு மெடிக்கலில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கித் தந்தாள். ஹாஸ்டல் பாத்ரூமில் முடிந்தது. பத்து நாள் ரத்தம் போனது. யாரிடமும் சொல்லவில்லை.

உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த அந்தக் கர்ப்பம் அவருடைய எதிர்ப்பு மண்டலத்துக்கும் தெரிந்திருந்தது.

குழந்தைக்கு முழு ரத்தத்தையும் மாற்றினோம். பிழைத்துக்கொண்டது. காது கேட்கும் பரிசோதனைக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். குடும்பத்திடம், "அம்மாவுக்கும் குழந்தைக்கும் ரத்தம் ஒத்துக்கலை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அது உண்மை. அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

இப்போது என் கோபம் யார்மேல் என்று சொல்கிறேன். அந்தப் பெண்மேல் ஒரு துளியும் இல்லை.

சீட்டில்லாமல் கருக்கலைப்பு மாத்திரை விற்ற கடைக்காரர். அது மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் கொடுக்கவேண்டிய மாத்திரை. எத்தனை வாரம் என்று அவருக்குத் தெரியாது. ஸ்கேன் இல்லை, குரூப் தெரியாது, கவலையும் இல்லை. ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வாரத்துக்கு முன் நடக்கும் கருக்கலைப்புக்கு ஆன்ட்டி-டி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லியிருக்கிறது, அவ்வளவு சின்னக் கருவிலிருந்து கசியும் ரத்தம் அற்பம் என்பதால். நம் ஊர் மகப்பேறு மருத்துவர்கள் பலர் அப்போதும் போடத்தான் செய்கிறார்கள், அந்த விவாதம் அவர்களோடது. ஆனால் பன்னிரண்டுக்கு முன்னா பின்னா என்பதைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பீங்க அண்ணாச்சி?

அடுத்தது நம்ம ஆட்கள். அந்தப் பெண் கர்ப்பமாகி ஒரு தனியார் கிளினிக்கில் ஒன்பது மாதமும் காட்டியிருக்கிறார். முதல் பக்கத்திலேயே ஓ நெகட்டிவ் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் ஒரு தடவைகூட எடுக்கப்படவில்லை. முதல் பிரசவம்தானே என்று விட்டிருப்பார்கள். ஐந்து ஸ்கேன் எடுத்த இடத்தில் சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனைக்கு இடமில்லை. எடுத்திருந்தால் நான்காம் மாதத்திலேயே தெரிந்திருக்கும், குழந்தையைத் தயாராக வரவேற்றிருக்கலாம்.

இதில் இன்னொரு அநியாயம். "இதுக்கு முன்னாடி கர்ப்பம் ஆச்சாம்மா?" என்று எங்கே வைத்துக் கேட்கிறோம்? ஒரு பக்கம் கணவர், ஒரு பக்கம் மாமியார், பின்னால் வரிசையில் பதினைந்து பேர் நிற்க. அவள் என்ன பதில் சொல்வாள் என்று எதிர்பார்க்கிறோம்? தனியாகக் கேட்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை ஒதுக்காத டாக்டர்கள் நோயாளி உண்மையை மறைத்தாள் என்று குறை சொல்லவே கூடாது.

கணக்கில் வராத கர்ப்பங்கள் இன்னும் இருக்கின்றன. கல்யாணமான வீடுகளிலேயே. நான்காம் மாதம் தானாகக் கலைந்தது. "அபார்ஷன்தானே, குழந்தையே இல்லையே" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊசி பற்றி ஒரு வரி இருக்காது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கு அவசர ஆபரேஷன். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் குரூப் மறந்துபோகும். ஏழாம் மாதம் பைக்கிலிருந்து விழுந்து வயிற்றில் அடி, "குழந்தை துடிப்பு நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதனை. குழந்தை இறந்து பிறந்த வீட்டில், யாரும் யார் முகத்தையும் பார்க்காத அந்த ரெண்டு நாளில், "தாய்க்கு ஆன்ட்டி-டி போட்டாச்சா?" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது. அந்த எழுபத்திரண்டு மணி நேரம் அழுகையிலேயே போய்விடும்.

இந்த ஒவ்வொன்றிலும் குழந்தையின் ரத்தம் தாயை எட்டலாம். நாம்தான் அதைக் கர்ப்பமாகக் கணக்கில் வைப்பதில்லை.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டு, ஒன்பது லட்சம் பிரசவம். நூற்றுக்கு ஐந்து என்றாலும் நாற்பதாயிரம் தாய்மார்கள் நெகட்டிவ். ஊசி தனியாரில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய். வளைகாப்புப் பேனருக்கு இதைவிடச் செலவு பண்றோம். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு மருந்தும் பரிசோதனையும் இலவசம் என்று 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டமே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். இருப்பில் இல்லை என்றால் எப்போது வரும், எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

வீட்டுப் பிரசவக் குருமார்களுக்கும் ஒரு வார்த்தை. "ஊசி கெமிக்கல், உடம்பு தானே பாத்துக்கும்" என்பவர்களே, உடம்பு தானே பார்த்துக்கொண்டதன் விளைவுதான் இந்த நோய். உங்கள் வகுப்பில் சேரும் பெண்ணின் குரூப் என்ன, பிறந்த குழந்தையின் குரூப் என்ன, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் யார் பார்த்தார்கள்? பதில் இருந்தால் சொல்லுங்க.

இந்த ஊசிக்கும் ஒரு கறுப்பு அத்தியாயம் உண்டு, நான் சொல்லாவிட்டால் அவர்கள் அரைகுறையாகச் சொல்வார்கள். 1970-களின் இறுதியில் அயர்லாந்தில் கிருமி கலந்த பிளாஸ்மாவிலிருந்து செய்த ஆன்ட்டி-டியால் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது. 1994-இல்தான் வெளியே வந்தது. பெண்கள் வழக்குப் போட்டார்கள், விசாரணைத் தீர்ப்பாயம் அமைந்தது, ரத்த வங்கி அதிகாரிகளின் அலட்சியம் அம்பலமானது. ஹெபடைடிஸ் சி கிருமி கண்டுபிடிக்கப்பட்டதே 1989-இல். இன்று தானம் கொடுப்பவரைப் பரிசோதிப்பதும், தயாரிக்கும்போது வைரஸை அழிப்பதும் கட்டாயம். அந்த அயர்லாந்துப் பெண்கள்கூட ஊசியை ஒழிக்கச் சொல்லவில்லை. பொறுப்பாகத் தயாரிக்கச் சொன்னார்கள். அதுதான் சரியான கோரிக்கை.

நெகட்டிவ் குரூப் தங்கைகளே, இனி உங்களோடு.

கர்ப்பம் உறுதியானதும் உங்கள் குரூப், கணவர் குரூப், கூடவே இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட். அது நெகட்டிவ் என்று வந்தால் நல்ல செய்தி, உடம்பு இன்னும் டி-யைப் பார்க்கவில்லை. 28-ஆவது வாரம் மறுபடி டெஸ்ட், பிறகு முதல் ஊசி. பிரசவமானதும் குழந்தையின் குரூப் பார்க்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்றால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் இரண்டாவது ஊசி. தாண்டிவிட்டது என்றால் "இனிமே எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள், பத்து நாள்வரைக்கும் போட்டால்கூட ஓரளவு பலன் உண்டு. எட்டாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போகும்போது கார்டையும், ஊசி போட்ட தேதியையும் கையோடு கொண்டுபோங்கள். ஊர் மாறும்போதுதான் பாதி ஊசிகள் தவறுகின்றன. புது ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக, "நான் நெகட்டிவ்" என்று சொல்லுங்கள்.

முந்தைய கர்ப்பம் எதுவாக இருந்தாலும், எப்படி முடிந்திருந்தாலும், டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் அதை உங்கள் வீட்டில் சொல்லக் கூடாது. சொன்னால் அது அவர் குற்றம்.

கூம்ப்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்? இனி ஆன்ட்டி-டி பயன்படாது. அது நினைவு பதியாமல் தடுக்கும் ஊசி, பதிந்த நினைவை அழிக்காது. அதற்காகக் கை கழுவிவிடவும் மாட்டோம். டாப்ளர் ஸ்கேனில் குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை வைத்தே ரத்தசோகை வந்திருக்கிறதா என்று வயிற்றைத் தொடாமல் சொல்லிவிடலாம். வந்திருந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே ரத்தம் ஏற்றலாம். 1963-இல் நியூசிலாந்தில் லைலி என்ற மருத்துவர் தொடங்கி வைத்தது, இன்று நம் பெரிய நகரங்களிலேயே செய்கிறார்கள். நஞ்சுக்கொடியின் அந்த வாசலையே அடைக்கும் மருந்தும் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் வாராவாரம் ஸ்கேனும், பயணமும், பயமும், லட்சங்களும். ஒரு ஊசி தவறியதற்கான விலை.

மாப்பிள்ளைகளுக்கு ஒரு தகவல். இந்த நோய் வரவேண்டுமானால் பெண் நெகட்டிவாக இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் பாசிட்டிவாக இருக்கணும். டி புரதத்தைக் கொண்டுவருவது நீங்கள்தான். யாராவது உங்கள் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்களா?

"ரெண்டு பேருமே நெகட்டிவ் டாக்டர், எங்களுக்கும் ஊசி வேணுமா?" என்று இப்போதே கமெண்ட்டில் வரும் என்று தெரியும். இருவரும் நிஜமாகவே நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவ், ஊசி தேவையில்லை. ஆனால் கணவரின் குரூப்பை வாய்வார்த்தையாக நம்பாதீர்கள். லைசென்ஸில் போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். லேப் ரிப்போர்ட் வேணும். பிறந்த குழந்தையின் குரூப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மற்றபடி வெறும் குரூப்பை மட்டும் டைப் பண்ணி "பிரச்சனையா?" என்று கேட்காமல், கூம்ப்ஸ் டெஸ்ட் ரிசல்ட்டும் எத்தனையாவது வாரம் என்பதும் சேர்த்துத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பெயரை மறைத்துவிட்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பதில் போடுகிறேன்.